கடைசித் தெருவில் காணாமல் போகும் பொறுப்பு

புது தில்லி: நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ உள்ள ஒரு கடையில் இணையம் வழியாக வாங்கிய பொருள், நான்கைந்து நாள்களில் தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்தின் கூரியர் முனையத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து ரோஹிணிக்கோ மயூர் விஹாருக்கோ போய்ச் சேர்வதற்குத்தான் இரண்டு, மூன்று வாரங்கள் ஆகின்றன. சில வேளைகளில் போய்ச் சேர்வதே இல்லை.

'வீடு பூட்டியிருந்தது', 'விலாசம் முழுமையாக இல்லை', 'வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார்' என்று கைப்பேசிக்குத் தகவல் வரும். வீட்டில் நாள் முழுவதும் ஆள் இருந்திருப்பார். அழைப்பு மணியை யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள். மூன்று முறை இப்படிப் பதிவானால், பார்சல் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக நான்காவது தகவல் வருகிறது. பொருளின் விலை, விமானக் கட்டணம், சுங்கத் தீர்வை ஆகிய மூன்றையும் வாங்கியவர் ஏற்கெனவே செலுத்தியிருப்பார்.

வெளிநாட்டுப் பொருள் மீது மோகம் கொண்ட வசதி படைத்தவர்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அச்சில் இல்லாத நூலைத் தேடும் ஆய்வு மாணவர், நின்றுபோன இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேடும் சிறு பட்டறைக்காரர், காது கேட்கும் கருவிக்கான சிறு பாகத்தை வரவழைக்கும் முதியவர் ஆகியோரும் இந்த வரிசையில்தான் நிற்கின்றனர். உள்நாட்டில் கிடைக்காததால் வெளியிலிருந்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, தங்கள் பார்சலுக்கு இந்த நாட்டில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளவே அவர்கள் படாதபாடு படுகிறார்கள். சரியாகச் சொல்வதென்றால், அப்படி ஒருவரை நமது சட்டங்கள் இன்னும் தெளிவாக அடையாளம் காட்டவில்லை.

கை மாறும் சங்கிலி: ஒரு பார்சல் எத்தனை கைகள் மாறுகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். வெளிநாட்டு விற்பனையாளர் அதைச் சரக்குத் திரட்டும் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கிறார். அந்த நிறுவனம் நூற்றுக்கணக்கான பார்சல்களை ஒரே மூட்டையாகக் கட்டி விமானத்தில் ஏற்றுகிறது. தில்லியில் சுங்கத் துறையிடம் பதிவு பெற்ற கூரியர் நிறுவனம் அதைப் பெற்றுத் தீர்வை செலுத்தி வெளியே எடுக்கிறது. பின்னர் உள்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அது கை மாறுகிறது. அந்த நிறுவனம் பட்டுவாடாவைப் பகுதிவாரியாகத் துணை முகவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கும். முகவரிடம் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இளைஞர்தான் மோட்டார் சைக்கிளில் அதை நம் தெருவுக்குக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் பார்சலின் எண்ணும் மாறுவதுண்டு. விற்பனையாளர் தந்த எண்ணைச் சொன்னால் இங்குள்ள நிறுவனத்துக்கு அது புரிவதில்லை. இங்குள்ள எண் விற்பனையாளருக்குத் தெரிவதில்லை. 'அனுப்பியவரைக் கேளுங்கள்' என்று இங்கும், 'உங்கள் ஊர் கூரியரைக் கேளுங்கள்' என்று அங்கும் பதில் வருகிறது.

அஞ்சல் துறை வழியாக வரும் பார்சல்களின் நிலை வேறு. தில்லியில் கோட்லா மார்க்கில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கச் சோதனை முடிந்ததும், பொருள் உள்ளூர் அஞ்சலகத்துக்குப் போகிறது. இங்கு சங்கிலி குறுகியது. தபால்காரரும் பெரும்பாலும் தெரிந்த முகம்தான். ஆனால் தவறு நேர்ந்தால் நிவாரணம் கேட்கும் வாசல் தனியாரிடம் இருப்பதைவிட இங்கு இன்னும் இறுக்கமாக மூடப்பட்டிருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சி 1898ல் இயற்றிய இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-வது பிரிவு, தபால் தொலைந்தாலோ தாமதமானாலோ சேதமடைந்தாலோ வேறு ஒருவருக்குப் பட்டுவாடா செய்யப்பட்டாலோ அரசு பொறுப்பல்ல என்றது. வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு மட்டுமே அதற்கு விதிவிலக்கு. உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், அஞ்சல் துறை சரக்கு ஏற்றிச் செல்லும் வணிக நிறுவனமும் அல்ல, அனுப்புபவரின் முகவரும் அல்ல என்று தீர்ப்பளித்தது. பாகிஸ்தானில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு வி.பி.பி. மூலம் அனுப்பிய பொருள்களுக்கான பணம் எல்லை தாண்டி வராமல் போனது பற்றிய வழக்கு அது. எல்லை தாண்டிய வணிகத்தில் பொறுப்பு நழுவுவது இணையத்தோடு பிறந்த சிக்கல் அல்ல என்பதற்கு அதுவே சான்று.

அந்த 1898 சட்டத்தை நீக்கி, அஞ்சலகச் சட்டம் 2023-ஐ நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. 'காலனியச் சட்டத்துக்கு விடை கொடுத்தோம்' என்று ஆட்சியாளர்கள் பெருமைப்பட்டார்கள். புதிய சட்டத்தின் 10-வது பிரிவைப் படித்துப் பார்த்தால் பழைய 6-வது பிரிவு புத்தாடை உடுத்தி நிற்பது தெரியும். விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் அஞ்சலகத்துக்கு இல்லை என்கிறது அது. மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால் தவிர, ஊழியர் மீதும் வழக்கு நிற்காது.

மசோதா மீதான விவாதத்தில் எதிர்க்கட்சியினர் தபாலைப் பிரித்துப் பார்க்கும் 9-வது பிரிவையே பெரிதும் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில், பொறுப்பு பற்றிய 10-வது பிரிவு உரிய கவனத்தைப் பெறாமலே போய்விட்டது. கடிதம் அனுப்பும் தனியுரிமை அரசுக்கே என்ற பழைய ஏற்பாட்டைப் புதிய சட்டம் கைவிட்டது. அதாவது, அஞ்சல் துறையும் இனி சந்தையில் ஒரு போட்டியாளர்தான். போட்டியாளருக்கு மட்டும் அரசுக்குரிய கவசம் எதற்கு என்ற கேள்விக்கு அரசுத் தரப்பில் பதில் இல்லை.

தனியார் கூரியர்களுக்கு அந்தக் கவசம் இல்லை. நுகர்வோர் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும். பணம் கொடுத்து அனுப்பியவர் மட்டுமன்றி, அவரது ஒப்புதலோடு சேவையைப் பெறுபவரும் நுகர்வோரே என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே பார்சலுக்குக் காத்திருப்பவரும் வழக்குத் தொடர இடமுண்டு. வழக்கின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதும் நல்ல ஏற்பாடு.

ஆனால் கூரியர் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகள் குறுக்கே வருகின்றன. பாரதி நிட்டிங் நிறுவனம் டிஎச்எல் மீது தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு அடித்தளம். ஜெர்மனிக்கு அனுப்பிய ஏற்றுமதி ஆவணங்கள் 1990ல் போய்ச் சேரவில்லை. பருவம் கடந்துவிட்டதால் அங்குள்ள கொள்முதலாளர் விலையைக் குறைத்துவிட்டார். நஷ்டம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல். மாநில ஆணையம் அந்தத் தொகையை வழங்கியது. தேசிய ஆணையம் ரசீதில் கண்ட வரம்பான 100 டாலராக அதைக் குறைத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று கூறி, தேசிய ஆணையத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த வழக்கில் ரசீதில் கையெழுத்திட்டவர் அனுப்பியவர். இன்று இணையத்தில் வாங்குபவரோ அந்த ரசீதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர் பார்க்காத ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்துமா என்று வாதிட இடமிருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தங்களை ரத்து செய்யும் அதிகாரத்தையும் 2019 சட்டம் தந்துள்ளது. ஆனால் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தராமல், மாநில, தேசிய ஆணையங்களுக்கு மட்டும் தந்திருக்கிறது. 3,000 ரூபாய் புத்தகப் பார்சலைத் தொலைத்தவர், நிபந்தனை நியாயமற்றது என்று நிலைநாட்ட மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டும். வக்கீல் கட்டணத்தில் இன்னொரு பார்சலே வாங்கிவிடலாம்.

மின் வணிக விதிகள்: 2020 ஜூலையில் மத்திய அரசு மின் வணிகத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. இந்தியாவில் நிறுவப்படாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களையும் அவை கட்டுப்படுத்தும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏட்டளவில் இது போதுமானதாகவே தோன்றும். கடைசிக் கட்டத்தில் பட்டுவாடா செய்பவரின் பிழைக்கு விற்பனைத் தளம் பொறுப்பா என்ற கேள்விக்கு மட்டும் அதில் தெளிவான விடை இல்லை. விற்பனையாளர் பொருளைச் சேர்க்கத் தவறினால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற ஒரு திருத்தம் 2021 ஜூனில் வரைவாக வெளியிடப்பட்டது. பெரிய நிறுவனங்கள் கடுமையாக ஆட்சேபித்தன. அந்த ஏற்பாடு வரைவாகவே நின்றுபோனது.

இதே அரசு, வேண்டும் என்று நினைத்த இடத்தில் வேகமாகவே செயல்பட்டிருக்கிறது. சீனத் தளங்கள் விலைக்கு விற்ற பொருளை 'அன்பளிப்பு' என்று காட்டி, 5,000 ரூபாய் வரையிலான தீர்வை விலக்கைப் பயன்படுத்தியபோது, 2019 டிசம்பரில் ஓர் அறிவிக்கையில் அந்த விலக்கு முடிக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே தப்பின. 2020ல் அலிஎக்ஸ்பிரஸ் உள்ளிட்ட செயலிகள் தடை செய்யப்பட்டன. வருவாய்க்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்றால் விதிகள் ஒரே இரவில் மாறுகின்றன. பணம் கட்டியவரின் பார்சல் காணாமல் போனால் வரைவு, வரைவாகவே கிடக்கிறது.

2025 ஆகஸ்டில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா ரத்து செய்தது. புதிய தீர்வையை யார் வசூலித்து யாரிடம் செலுத்துவது என்பது தெளிவாகவில்லை என்று விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்ற மறுத்தன. அமெரிக்காவுக்கான அஞ்சல் சேவையையே இந்திய அஞ்சல் துறை நிறுத்தி வைத்தது. பொறுப்பு யாருக்கு என்பது முடிவாகி, அக்டோபர் 15-ம் தேதிதான் சேவை மீண்டும் தொடங்கியது. தீர்வையை வசூலிக்கும் பொறுப்பு தெளிவாக இல்லை என்றதும் இரு பெரிய நாடுகளுக்கிடையே தபாலே நின்றது. பட்டுவாடாவுக்கான பொறுப்பு ஆண்டுக்கணக்கில் தெளிவில்லாமல் இருந்தும், அதற்காக எதுவும் நிற்கவில்லை.

பட்டுவாடா செய்யும் இளைஞரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பார்சல் கணக்கில் கூலி பெறுபவர், மூன்றாவது மாடிக்கு ஏறி, கையெழுத்தோ ஓடிபியோ பெற்றுத் திரும்பும் நேரத்தில் கீழ்த் தளத்தில் மூன்று பார்சல்களைக் கொடுத்துவிடுவார். மாலைக்குள் பையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பதிவு போட்டாக வேண்டும். 'வீடு பூட்டியிருந்தது' என்பது அவர் தப்பிக்கும் வழி. 2020-21ல் நாட்டில் 77 லட்சம் பேர் இத்தகைய தற்காலிகப் பணிகளில் இருந்ததாக நீதி ஆயோக் கணக்கிட்டது. அவர்களைக் குறிப்பிடும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020ல் நிறைவேறியும் 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தில்லி விலாசங்களின் குழப்பமும் அவர்களைத்தான் வாட்டுகிறது. 1972ல் வந்த பின்கோடு ஒரு வட்டாரத்தைக் காட்டும்; வீட்டைக் காட்டாது. 2025ல் அஞ்சல் துறை அறிமுகம் செய்த டிஜிபின், நான்கு மீட்டர் சதுரம் வரை இடத்தைச் சுட்டும் பத்து எழுத்துக் குறியீடு. நல்ல முயற்சி, தனியார் நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டால்தான் பயன்.

நம்பகமில்லாத இந்தப் பட்டுவாடாவால் மோசடிக்காரர்களுக்கும் கொண்டாட்டம். பார்சல் எங்கே என்று தெரியாமல் தவிப்பவருக்கு, 'உங்கள் பார்சல் சுங்கத்தில் பிடிபட்டுள்ளது, அதில் போதைப்பொருள் இருக்கிறது' என்று அழைப்பு வந்தால் நம்பிவிடுகிறார். 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடந்த இந்த மோசடிகள் குறித்துப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. மெய்யான தகவல் ஒழுங்காக வந்தால் பொய்யான அழைப்புக்கு இவ்வளவு மதிப்பு இருக்காது.

கூரியர் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் உடனே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. வெளிநாட்டுப் பார்சலை விடுவிக்கும் கூரியர் நிறுவனங்கள் சுங்கத் துறையிடம் பதிவு பெற்றவை. பிணைப்பத்திரமும் காப்புத்தொகையும் கொடுத்திருப்பவை. தீர்வைக்காகப் பெறப்படும் அந்தப் பிணையோடு, பொருளைப் பெறுபவரின் கையில் சேர்ப்பது வரையிலான பொறுப்பையும் பதிவு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால், கை எத்தனை மாறினாலும் பதில் சொல்ல இந்தியாவில் ஒரு பெயர் இருக்கும். அஞ்சல் துறையைப் பொறுத்தவரை, 10-வது பிரிவே 'விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர' என்று இடம் விட்டிருக்கிறது. 1999ல் விரைவு அஞ்சல் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அதை இழப்பீடாகத் தர ஒரு அறிவிக்கை வந்தது. அந்த வழியிலேயே, பொருளின் மதிப்புக்கு ஏற்ற தொகையை, அனுப்பியவருக்கு மட்டுமன்றிப் பெறுபவருக்கும் உரியதாக நிர்ணயிக்கலாம். இதற்குப் புதிய மசோதா தேவையில்லை. மத்திய அரசு விதியை வெளியிட்டு இரு அவைகளிலும் தாக்கல் செய்தால் போதும்.