இறுக்கினால் குறி தப்பும்!



ஸ்னூக்கர் விளையாட்டுக்கு விதிகள் வகுக்கப்பட்டது நம் ஊட்டியில்தான், ஆண்டு 1882. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025-இல் தோகா நகரில் மகளிர் உலகப் பட்டமே வென்றார்.

இதில் 'க்யூ' எனும் நீண்ட கோலால் பந்தைத் தட்ட வேண்டும். கோலை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைக்கும், கோல் நேராகப் போகாது, குறி தப்பும். நழுவாத அளவுக்கு மென்மையாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது.

காரியாபட்டியில் கிட்டிப்புள் ஆடும் நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? உங்கள் கையில் பேனா இருக்கிறதே! தேர்வு அவசரத்தில் அதை அழுத்திப் பிடித்தால் விரல் வலிக்கும், எழுத்தும் கோணும். தெரிந்த விடையைக்கூட எழுதி முடிக்க முடியாது.

இன்று முதல் தினமும் பத்து வரி, இறுக்காமல் எழுதிப் பழகுங்கள். பிடி சரியானால், கை சொன்னபடி கேட்கும்!