“வயதாகிவிட்டது” என்பது நோயின் பெயரன்று

மூச்சிரைப்பு, திடீர் மறதி, நடையில் தள்ளாட்டம் என எதனோடு முதியவர் வந்தாலும், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று உடன்வந்தவர்கள் சொல்வதை நாள்தோறும் கேட்கிறோம். மருத்துவத் துறையினரும் அவ்வாறு சொல்வதுண்டு. இவ்விடையை நாங்கள் ஏற்பதில்லை.

அமெரிக்க உடலியல் அறிஞர் நேத்தன் ஷாக் (1906–1989) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கேள்விக்கே செலவிட்டார். முதுமை உடலை என்ன செய்கிறது? அதில் நோயின் பங்கு எவ்வளவு? இளைஞர் சிலரையும் முதியவர் சிலரையும் ஒருமுறை சோதித்துச் சராசரியை ஒப்பிடுவதே அன்றைய வழக்கம். அச்சராசரியில் நோயுற்ற முதியவரும் நலமான முதியவரும் ஒன்றாகக் கலந்துவிடுவர். ஆகவே, ஒரே மனிதரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து சோதிக்கும் ஆய்வு பால்டிமோர் நகரில் 1958-இல் தொடங்கியது. தத்தம் வீடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் குறித்த கால இடைவெளியில் வந்து உடலைச் சோதிக்கக் கொடுத்தனர். (பெண்களை 1978-இல்தான் சேர்த்தார்கள், அவ்வளவு காலம் காத்திருந்தது சரியன்று.)

சிறுநீரகத்தைப் பற்றி அவ்வாய்வு கண்டது வியப்பானது. வயது ஏற ஏற எல்லோருக்கும் சிறுநீரகச் செயல்திறன் குறைந்தே தீரும் என்று நம்பியிருந்தனர். சராசரி குறைந்தது உண்மையே. ஆனால், நலமாயிருந்த 254 பேரைத் தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அத்திறன் குறையவே இல்லை. ஒரே வயதினர் இருவரின் சிறுநீரகங்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். மருந்தின் அளவை வயதை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

முதுமையால் வரும் மாற்றங்களே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தசை குறைகிறது, கடும் உழைப்பின்போது இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் குறைகிறது. இவை ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்பவை. நேற்றுவரை பேரன் பெயரைச் சொல்லி அழைத்தவர் இன்று அவனை அடையாளம் காணாது விழித்தால், அதற்கு முதுமை காரணமாகாது. சிறுநீர்த் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம்; இவை பெரும்பாலும் சீராக்கக்கூடியவை. பக்கவாதமாகவும் இருக்கலாம், அப்போது தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

ஷாக் ஆய்வகத்தில் செய்ததை வீட்டில் செய்பவர்கள் நீங்கள்தாம். சென்ற ஆண்டு பாட்டி எவ்வளவு தூரம் நடந்தார் என்பது உங்களுக்கே தெரியும். வரும்போது பழைய பரிசோதனை அறிக்கைகளையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். எந்த நாளிலிருந்து மாற்றம் தோன்றியது என்று சொல்லுங்கள். அதன் பின்னும் “வயதுதான் காரணம்” என்றே விடை வந்தால், வேறு எவற்றையெல்லாம் சோதித்து விலக்கினீர்கள் என்று எங்களிடம் கேளுங்கள்.