கரடி வளர்த்த பிள்ளையும் கலைந்த குடும்பமும்

களப்பு நீர் கடலோடு கலக்கும் இலங்கைத்துறை முகத்துவாரத்தில், மாணவர் சிலர் கூடிக் கதைப் புத்தகம் வாசிக்கும் ஒரு கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். இளையோர்க்கான மாயக்கதைகளைப் பற்றிப் பேச்சு நடந்தது. இறுதியில் முதியவர் ஒருவர் எழுந்தார். "பறக்கும் குதிரை வரட்டும், பேசும் தலை வரட்டும், அதிலே பிழையில்லை. தகப்பனும் பிள்ளையும் மோதுகின்ற கதை எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு, ஐயா? வீட்டிலே கண்டது போதாதா?" என்றார். சபையில் பலர் தலையசைத்தனர். பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. முழு விடையையும் இன்று இப்பக்கத்தில் எழுத விரும்புகின்றேன். அதற்கு வேற்றூர்ச் சான்று தேட வேண்டுவதில்லை. திருகோணமலையே சான்று வைத்திருக்கின்றது.

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் மூன்று நூல்களை முதலில் வைத்து எண்ணுவர். சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வந்தது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வந்தது. அதே திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895 இல் வந்தது. முதலாவதும் மூன்றாவதும் ஆராய்ச்சியாளரின் அன்பைப் பெற்றன. நடுவில் நிற்கும் நூலோ, 'அது அந்நியக் கதை, அற்புதங்கள் மலிந்தது, நாவல் என்று கொள்ளலாமா?' என்ற வினாவோடு ஒதுங்கி நிற்கின்றது. எத்தனையாவது நூல் என்று எண்ணினோமே அன்றி, எதைப் பற்றிய நூல் என்று கேட்டோமில்லை.

அக்கதையின் வேர் பழைய பிரெஞ்சு வீரகதை ஒன்றில் உள்ளது. உரைநடையாக அது லியோன் நகரில் 1489 இல் அச்சேறிற்று. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் சிறுவர் கதையாக உலவிற்று. டிக்கன்ஸ் 1843 இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், தனித்து வாழும் கிழவர் தம் இளமையில் வாசித்தவற்றை நினைவுகூரும்போது இவ்விரு சகோதரரும் அவர் கண்முன் வருகின்றனர்.

மூலக்கதை இது. கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்துச் சக்கரவர்த்தி, தீயோன் ஒருவன் சொன்ன அவதூற்றை நம்பிக் கருவுற்றிருந்த மனைவியை நாடு கடத்துகின்றான். அவளை ஒரு வார்த்தை கேட்டானில்லை. அவளுடைய தமையன் பிரான்சு தேசத்து மன்னன். அவனும் தங்கையின் பக்கம் நிற்கவில்லை. காட்டிலே அவள் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகின்றாள். ஒன்றைக் கரடி தூக்கிச் செல்கின்றது. தாய் அதன் பின்னே ஓடுகின்றாள். மற்றதை அவ்வழி வந்த மன்னன், தன் தங்கை மகன் என்று அறியாமலே எடுத்து வளர்க்கின்றான். ஒருவன் அரண்மனையில் வளர்ந்தும் பெற்றோர் பெயர் அறியாதவன் என்று ஏளனம் பெறுகின்றான். மற்றவன் பேச்சறியாத காட்டு மனிதனாகின்றான். அண்ணன் தம்பி என்றறியாமல் இருவரும் காட்டிலே மோதுகின்றனர்.

இஃது அந்நியக் கதைதானா? ஊரார் வாய்க்கு அஞ்சிக் கருவுற்ற சீதையைக் கானகம் அனுப்பியதும், அங்கே பிறந்த குசலவர் தந்தையின் படையோடு பொருததும் நம் மக்களுக்குத் தெரியாதவை அல்ல. கம்பன் முடிசூட்டு விழாவோடு கதையை நிறுத்திக்கொண்டான். ஆயினும் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தர காண்டம் தமிழிலே எழுந்தது. கூத்துக் களரிகளில் குசலவர் ஆடினர். அரசன் முடிபுனைந்த மகிழ்ச்சியோடு மக்கள் நிறைவு பெறவில்லை. அவன் வீட்டில் நிகழ்ந்த அநீதிக்கும் கணக்குக் கேட்டனர். கர்ணனும் அருச்சுனனும் வில்லெடுத்து நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலேதான் இன்னாசித்தம்பி ஊசோனையும் பாலந்தையையும் தமிழ் பேச வைத்தார்.

இனி, அற்புதங்களுக்கு வருவோம். மூலக்கதையில் முளையைத் திருப்பினால் வானில் பறக்கும் மரக்குதிரை உண்டு; உண்மை உரைக்கும் பித்தளைத் தலை உண்டு. சகோதரர் யார் மக்கள் என்பதை அத்தலையே உரைக்கின்றது. தாய் இருக்கும் இடமும் தெரிய வருகின்றது. ஆயினும் அத்தலை எவரையும் மன்னிக்கவில்லை. எவரையும் மன்னிப்புக் கேட்க வைக்கவுமில்லை. மரக்குதிரை மக்களைத் தாயிடம் சேர்க்கும். இழந்த இருபது ஆண்டை மீட்டுத் தராது. மனைவியின் முகம் நோக்கித் தவறினேன் என்று சொல்ல வேண்டியவன் சக்கரவர்த்தியே. ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவளே. மாயம் இந்த இடத்தில் ஒதுங்கி நின்று வழிவிடுகின்றது. நல்ல மாயக்கதைக்கு இதுவே உரைகல் என்பேன்.

எனவே குடும்பச் சண்டை உள்ள கதையெல்லாம் நல்ல கதை என்று நான் வாதிக்கவில்லை. பெற்றோரைக் கோமாளிகளாக்கிப் பிள்ளைகளின் கைதட்டலைப் பெறும் கதைகளும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் ஒரு மந்திரக்கோலை அசைத்துக் கண்ணீரைத் துடைத்துவிடும் கதைகளும் உண்டு. முன்னவை இளையோரை முகத்துதி செய்கின்றன, பின்னவை ஏமாற்றுகின்றன. பழைய கதை இரண்டையும் செய்யவில்லை. குடும்பம் ஒன்றுகூடிய பின்னரும், போர்க்களத்தில் அடையாளம் தெரியாமல் மகன் தந்தையைக் கொன்றுவிடுகின்றான். அதற்காக ஏழாண்டு ஊமைப் பிச்சைக்காரனாகத் தன் அரண்மனைப் படிக்கட்டின் கீழேயே கிடக்கின்றான். நம் பிள்ளைகள் இன்று விரும்பி வாசிக்கும் ஹரி பொட்டர் கதை 1997 இல் வெளிவந்தது. அதிலும் பெற்றோரற்ற சிறுவன் பெரியம்மா வீட்டில் மாடிப்படியின் கீழுள்ள அறையிலே கிடக்கின்றான். உறவினர் வீட்டிலேயே அந்நியனாய் வாழும் துயரம் ஐந்நூறு ஆண்டில் பழையதாகவில்லை.

முதியவர் சொன்னதில் உண்மை இருக்கின்றது. நம் பிள்ளைகள் வீட்டிலே கண்டது கொஞ்சமன்று. 2004 இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2006 இல் போர் இப்பகுதி மக்களைக் குடிபெயர்த்தது. பாட்டி வீட்டில் ஒரு பிள்ளையும், மாமன் வீட்டில் ஒரு பிள்ளையும், கடல் கடந்த நாட்டில் ஒரு பிள்ளையுமாக வளர்ந்த குடும்பங்கள் எத்தனை! மீண்டும் சந்திக்கும்போது, உடன்பிறந்தாரிடையே பொது மொழியும் இல்லாமற் போகின்றது. காணிப் பங்கும், சீதனமும், 'நீ அன்று வரவில்லையே' என்ற மனத்தாங்கலும் நடுவே நிற்கின்றன. ஆனால் கண்டது போதாதா என்று அவர் கேட்டாரே, அங்கேதான் நான் மாறுபடுகின்றேன். பிள்ளை கண்டிருக்கின்றது, கண்டதைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. தன் தந்தையின் பிழையைப் பற்றி வாய்திறக்க இயலாத பிள்ளை, ஒரு சக்கரவர்த்தியின் பிழையைப் பற்றித் தாராளமாய்ப் பேசும். மாயக்கதை அளிக்கும் இடைவெளி அதற்கே உதவுகின்றது.

ஆகவே நூல்நிலையப் பொறுப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் என் வேண்டுகோள் ஒன்று. இளையோர் நூல்களைத் தெரியும்போது, வீட்டுப் பூசல் வருகின்றதா என்று பார்த்து விலக்க வேண்டாம்; அப்பூசலை நூல் நேர்மையாய் நடத்துகின்றதா என்று பாருங்கள். ஊசோன் பாலந்தையை வரலாற்றுப் பட்டியலிலிருந்து இறக்கி, இக்காலச் சிறுவர்க்கு விளங்கும் நடையில் திருகோணமலைப் பாடசாலைகள் தோறும் வாசிக்கச் செய்யுங்கள்.

கூட்டம் கலைந்தபின் அச்சிறுமி என்னிடம் வந்தாள். குதிரையைப் பற்றியோ, பேசும் தலையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. "அந்தத் தாய் திரும்பி வந்தவவா, ஐயா?" என்றாள். வந்தாள் என்றேன். "அவவிடம் அவர் மன்னிப்புக் கேட்டவரா?" என்றாள்.

இவ்வினாவைக் கேட்கும் பிள்ளைக்கு அக்கதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.