‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொன்ன வீட்டுக்கு மறுபடி போவது எப்படி?

“இப்ப வேணாம் தம்பி, அப்புறம் பார்க்கலாம்.”

விற்பனை வேலையில் இருப்பவர்கள் ஒரு நாளில் அதிகம் கேட்கும் பதில் இதுதான். காப்பீட்டு முகவர், கடை கடையாக ஆர்டர் எடுக்கும் லைன் சேல்ஸ் பையன், வீட்டில் மசாலாப்பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுப் பெண்கள், கல்யாணத்துக்குச் சமையல் ஒப்பந்தம் பேசப் போகிறவர் என்று யாரும் இதற்குத் தப்ப முடியாது.

முகத்தில் அடித்தாற்போல ‘வேண்டாம்’ என்றால்கூடப் பரவாயில்லை, அடுத்த வேலையைப் பார்க்கலாம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதுதான் ஆளைக் குழப்பும். மறுபடி போகலாமா? போனால் தொல்லை என்று நினைப்பார்களா? போகாவிட்டால் வர வேண்டிய ஆர்டர் வேறு யாருக்காவது போய்விடுமா? இந்தக் குழப்பத்திலேயே பலருக்கு வேலை மீது வெறுப்பு வந்துவிடுகிறது. “நமக்கெல்லாம் பேசி விற்க வராது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இதற்கு வழக்கமாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. நூறு கதவைத் தட்டு, பத்து திறக்கும், அதில் இரண்டு பேர் வாங்குவார்கள். மனம் தளராமல் அடுத்த நூறைத் தட்டு. சென்னை, கோவை மாதிரி ஊர்களுக்கு இது சரிதான். ஒரு தெருவில் வேலை ஆகவில்லை என்றால் அடுத்த தெரு இருக்கிறது.

காரைக்கால் மாவட்டம், நிரவி கொம்யூனில் இருக்கும் விழிதியூரில் அது நடக்காது. இந்த ஊரில் கதவுகளே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. இன்று ‘வேண்டாம்’ என்று சொன்னவரை நாளைக்கு டீக்கடையில் பார்த்தாக வேண்டும், மறுநாள் கோயிலில் பார்த்தாக வேண்டும். அவர் தங்கையை நிரவியில் கட்டிக் கொடுத்திருப்பார். இங்கே ஒருவரிடம் கெட்ட பெயர் வாங்கினால் செய்தி திருமலைராயன்பட்டினம் வரை போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே சிற்றூர் விற்பனையில் விடாமுயற்சி என்றால் புதுப்புதுக் கதவுகளைத் தேடி ஓடுவது அல்ல. அதே கதவுக்கு, மரியாதை கெடாமல், மறுபடி மறுபடி போவது.

அதை எப்படிச் செய்வது? ஊர்ப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளின் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்தக் கதை தொடங்கிய இடமும் தூரத்தில் இல்லை. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் என்று வடக்கே போனால் வருகிற கடலூர்தான் அது.

நல்ல சரக்கு மட்டும் போதாது

கடலூரில் சிறிய அளவில் தொழில் செய்துவந்தவர் சின்னி கிருஷ்ணன். முகப்பவுடரும் பேதி உப்பும் பெரிய டப்பாக்களில் வந்துகொண்டிருந்த காலத்தில், அன்றாடம் கூலி வாங்குகிறவர்களும் வாங்கும்படி அவற்றைச் சிறிய பாக்கெட்டுகளில் அடைத்தவர். ஷாம்புவையும் அப்படியே பாக்கெட்டில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் விற்கும் ஒரு யோசனைக்கு முன்னோடி அவர்.

ஆனால், அவர் வாழ்ந்த காலத்தில் அந்த யோசனை பெரிய பணமாகவில்லை. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்பா புதிது புதிதாகக் கண்டுபிடித்தார், ஆனால் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலையில் நின்று நிலைக்கவில்லை என்று. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தாராம்.

தொழில் செய்யும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. சரக்கு நன்றாக இருக்கும். முதல் மாதம் விற்காது. உடனே ஊறுகாயை விட்டு அப்பளம், அப்பளத்தை விட்டு நைட்டி என்று மாறிவிடுவார்கள். சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், விற்கும் முறை மட்டும் மாறாது.

15,000 ரூபாயும் ஒரு பாக்கெட் மெஷினும்

ரங்கநாதன் படிப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. புறா, மீன் என்று வளர்ப்பு உயிர்கள் மீதுதான் சிறுவயதில் ஆசை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்மார் நடத்திய ஷாம்பு தொழிலில் சேர்ந்தார். கருத்து ஒத்துப்போகவில்லை. குடும்பச் சொத்து வேண்டாம் என்று, கையில் இருந்த 15,000 ரூபாயோடு வெளியே வந்தார். மாதம் 250 ரூபாய் வாடகையில் வீடும் அலுவலகமும், 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், 3,000 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் மெஷின். 1983-ல் ‘சிக்’ ஷாம்பு பிறந்தது. அப்பாவின் பெயரில் இருந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

கடன் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: “அடமானம் என்ன இருக்கிறது?” ஒன்றும் இல்லை. மூன்று வருடம் போன பிறகுதான் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அடமானம் இல்லாவிட்டாலும் இந்தச் சிறிய கம்பெனி ஒழுங்காக வருமான வரி கட்டுகிறது என்பதை அந்த வங்கி அதிகாரி கவனித்து, குறிப்பு எழுதிப் பரிந்துரை செய்தார். அதாவது, மூன்று வருடமாகப் பேச்சால் திறக்காத கதவு, மூன்று வருடக் கணக்கால் திறந்தது.

‘வேண்டாம்’ என்றதற்கு என்ன அர்த்தம்?

தென்னிந்தியக் கிராமங்களில் அப்போது ஷாம்பு போடுகிறவர்கள் மிகக் குறைவு. சீயக்காய், அரப்பு, இல்லாவிட்டால் குளிக்கிற சோப்பையே தலைக்கும் தேய்த்துக்கொள்வது. கடைக்காரரிடம் ஷாம்பு வைக்கச் சொன்னால், “யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க” என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண விற்பனையாளர் என்ன செய்வார்? அடுத்த வாரமும் அதே கடைக்குப் போய் அதையே கேட்பார். கமிஷன் கூட்டித் தருகிறேன் என்பார். நாலு வாரத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுவார்.

சிக் ஷாம்புக்காரர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். மக்களுக்கு ஷாம்பு பிடிக்கவில்லையா, இல்லை, ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாதா? தெரியாது என்பதுதான் பதில். எனவே ஊருக்குள் கூட்டம் கூட்டி, ஒரு பையனை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் அவன் தலையை ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். “தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க” என்று கூட்டத்தை அழைத்தார்கள். ரஜினிகாந்த் படங்களை ஊரில் திரையிட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, படம் முடிந்ததும் இலவச பாக்கெட் கொடுத்தார்கள். இப்படி நடந்த ஊர்களில் விற்பனை மூன்று, நான்கு மடங்கு ஏறியது.

அடுத்து வேறு மாதிரியான ஒரு ‘வேண்டாம்’ வந்தது. ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர்கள் வேறு கம்பெனிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஷாம்பு தெரியும், சிக் தெரியாது. இவர்களிடம் தலை அலசிக் காட்டிப் பயன் இல்லை. ஆகவே, எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். சிக்கின் மணம் பழகியதும் திட்டத்தை மாற்றி, ஐந்து சிக் காலிப் பாக்கெட் கொண்டுவந்தால்தான் ஒரு சிக் இலவசம் என்றார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மல்லிகை, ரோஜா மணங்களும் நடிகை அமலா தோன்றிய விளம்பரமும் அதற்குப் பிறகுதான் வந்தன. அந்தக் கம்பெனிதான் 1998-ல் கவின்கேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கவனித்துப் பாருங்கள். ஊர் அதேதான், கடையும் அதேதான், சரக்கும் அதேதான். ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்பதற்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி மறுபடி போனார்கள். விடாமுயற்சி என்பது இதுதான். அதே வார்த்தையை அதே ஆளிடம் பத்து தடவை சொல்வதற்குப் பெயர் நச்சரிப்பு.

நாலு வகை ‘அப்புறம் பார்க்கலாம்’

நம் ஊர் அளவில் இதை எப்படிச் செய்வது? ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று கேட்டதும், இது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, தெரியாததால் வருவது. பொருளைப் பார்த்ததில்லை, பாலிசி புரியவில்லை. இவர்களிடம் பேச்சைக் குறைத்துவிட்டு, கண்ணால் காட்ட வேண்டும். மசாலாப்பொடி என்றால் ஒரு குழம்புக்கு ஆகிற அளவு இலவசமாகக் கொடுத்துவிட்டு வரலாம். தையல் வேலை என்றால் தைத்த ரவிக்கையைக் கையில் கொடுத்துத் தையலைப் பார்க்கச் சொல்லலாம்.

இரண்டாவது, கையில் காசு இல்லாததால் வருவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். டெல்டாவில் பணம் வருவதற்கென்று பருவம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வயல்காரர் வீட்டில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கடலோரக் கிராமங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீனவர் குடும்பத்திடம் போய் மாதத் தவணை பேசுகிறவர் மரியாதையையும் சேர்த்து இழப்பார். ஜூன் மாதம் என்றால் எல்லா வீட்டிலும் பள்ளிக்கூடச் செலவு. இதையெல்லாம் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு போகிறவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது, நம்பிக்கை இல்லாததால் வருவது. முன்பு யாரோ ஏமாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சீட்டுப் பணம் போயிருக்கும், வாங்கின மிக்ஸி மூன்று மாதத்தில் ரிப்பேர் ஆகியிருக்கும். இவர்களுக்கு எந்தச் சலுகை கொடுத்தாலும் சந்தேகம்தான் கூடும். அவர்கள் தெருவிலேயே உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர் வீட்டுக்கு முதலில் போங்கள். “எப்படி இருக்கு, ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டுச் சரிசெய்து கொடுங்கள். விற்ற பிறகும் வருகிற ஆள் என்று தெரு பேசிக்கொள்ளும். வங்கி அதிகாரிக்கு வரிக் கணக்கு பேசிய மாதிரி, உங்களுக்காக உங்கள் பழைய வேலை பேசும்.

நான்காவது, உண்மையிலேயே தேவை இல்லாதவர். இவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவதுதான் நல்லது. தேவையில்லாத பொருளை ஒருவர் தலையில் கட்டினால் அன்றைக்கு ஒரு விற்பனை கிடைக்கும். விழிதியூர் மாதிரி ஊரில் அதோடு அந்தத் தெருவே மூடிவிடும்.

சோர்வு வருகிற நாளுக்கு

இவ்வளவு செய்தாலும் சில நாள் ஒன்றும் நடக்காது. வெயிலில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற நாளில், ‘எத்தனை விற்றாய்’ என்ற கேள்வி குத்தும். வாங்குவதும் வாங்காததும் எதிராளி கையில் இருக்கிறது. போவதும் கேட்பதும் மட்டும்தான் நம் கையில். எனவே அன்றைய கணக்கை விற்பனையில் வைக்காமல், எத்தனை பேரைப் பார்த்தோம், அவர்களிடம் புதிதாக என்ன தெரிந்துகொண்டோம் என்பதில் வையுங்கள்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போனிலும் எழுதலாம். பெயர், பார்த்த தேதி, அவர் சொன்ன காரணம், மறுபடி எப்போது போக வேண்டும் என்று நாலு விஷயம். “பெண்ணுக்குக் கல்யாணம் பேசுறாங்க, ஆவணிக்கு மேல வரச் சொன்னார்” என்று எழுதிவைத்துவிட்டு, ஆவணி முடிந்ததும் போய், “பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் தாங்கள் சொன்னதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். அவர் சொன்னதை ஞாபகம் வைத்திருப்பவருக்கு உட்கார நாற்காலி கிடைக்கும்.

அன்றைக்கும் அவர் வாங்காமல் போகலாம். அதனால் என்ன? நோட்டில் ஒரு வரி கூடியிருக்கும். அடுத்த முறை அந்தப் படியேறும்போது, போன தடவையைவிட அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் தெரிந்துகொண்டு ஏறுவீர்கள். இன்றைக்கு வந்த ‘அப்புறம் பார்க்கலாம்’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டுப் படுங்கள். நாளைக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.