வெள்ளிக்கிழமைப் படம், திங்கட்கிழமைப் படம்

‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை 3 மணி நேரப் படமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையே 12 நிமிடம் குறைத்துவிட்டதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘கங்குவா’வும் வெளியான கையோடு 12 நிமிடம் இளைத்தது. அதென்ன கணக்கோ!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் கேரள லாரியில் ஏற்றிவிட்டு, இரவுக் காட்சிக்கு ஓடுகிறவருக்கு இழுவைப் படம் எவ்வளவு பெரிய தண்டனை என்று நமக்குத் தெரியும். ஆகவே கத்தரி மேல் நமக்குக் கோபமில்லை. அது முதல் நாள் டிக்கெட்டைக் கிழித்த பிறகு வருவதுதான் உறுத்துகிறது.

படத்தின் நீளத்தை எப்போதுமே கதை மட்டும் தீர்மானித்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பிலிம் தட்டுப்பாடு வந்தபோது 11,000 அடிக்கு மேல் படம் கூடாது என்றது அரசு. 1,000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். ஆக, 2 மணி நேரம். பிற்காலத்தில் இரண்டாவது வாரம் ஒரு பாட்டு காணாமல் போகும். ஆபரேட்டர் பிலிமை அறுத்து, பசை தடவி ஒட்டிவிடுவார். வெட்டிய துண்டாவது பையன்கள் கைக்கு வரும். பல்பு வெளிச்சத்தில் சுவரில் ‘படம்’ ஓட்டுவார்கள். இன்று சென்னையிலிருந்து புதிய கோப்பு தியேட்டருக்கு வருகிறது, பழையது பூட்டப்படுகிறது. தரையில் ஒரு துண்டுகூட விழுவதில்லை.

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் முன்பின் தெரியாதவர்களை உட்காரவைத்துப் படம் காட்டி, எங்கே நெளிந்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டு வெட்டுகின்றன. நம் பிரிவியூ காட்சியில் நண்பர்கள் கைகுலுக்கி, “சூப்பர் சார்” என்று கார் ஏறிவிடுகிறார்கள். நெளிந்து காட்டும் அந்த வேலையைக் காசு கொடுத்து நாம் செய்கிறோம்.

கூட்டுவதும் உண்டு. ‘புஷ்பா 2’ ஓடிக்கொண்டிருக்கும்போதே 2025 ஜனவரியில் 20 நிமிடம் சேர்த்தார்கள். பார்த்தவரே மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும்! பல ஆண்டு கழித்து வெட்டுவதும் உண்டு: 2001இல் 3 மணி நேரத்தைத் தொட்ட ‘ஆளவந்தான்’, 2023 மறுவெளியீட்டில் ஏறக்குறைய 2 மணி நேரம். நாளை ஆய்வு செய்கிறவர் எதை ‘ஆளவந்தான்’ என்பார்?

சான்றிதழ் பெற்ற படத்தில் கைவைத்தால் தணிக்கை வாரியத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எனவே வெட்டியதற்குக் கணக்கு எங்கோ இருக்கிறது; பார்வையாளருக்குத்தான் தெரிவதில்லை. தயாரிப்பாளர்கள் அதை வெளியிடட்டும். முதல் நாள் வடிவத்தின் ஒரு பிரதியைப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கட்டும்.

நம் இதழுக்குத் திரை விமர்சனம் அனுப்பும் நண்பர்கள், இனி படம் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.