பட்டணங்களின் சரித்திரம்

பட்டணங்களின் சரித்திரம் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டு வந்ததெல்லாம், இன்ன ராஜா கோட்டை கட்டினான், இன்ன பிரபு மண்டபம் கட்டினார், இன்ன வருஷத்தில் இன்ன மகாராணியின் சிலை திறக்கப்பட்டது என்கின்ற வரிசையே ஒழிய, அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவன் எங்கே படுத்தான், என்ன தண்ணீர் குடித்தான், எந்த வயதில் செத்தான், அவன் குடிசைக்கு வாடகை வாங்கித் தின்றவன் யார் என்கின்ற விஷயமல்ல. ஆனால் இக்காலப் பட்டணம் என்பது ராஜாக்களால் உண்டானதல்ல. யந்திரத்தாலும் கூலியாலும் உண்டானது. ஆகவே அதன் சரித்திரத்தையும் கூலிக் கணக்கிலும், வாடகைக் கணக்கிலும், சாவுக் கணக்கிலுமே தேட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1801-ல் அதன் ஜனத்தொகை சுமார் 75,000. 1851-ல் 3 லட்சத்துக்கு மேல். கிராமத்தில் பிழைப்பற்றவர்களும், அயர்லாந்திலிருந்து பசிக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் பஞ்சாலை வாசலில் வந்து விழுந்தார்கள். பஞ்சு பறித்தவன் அமெரிக்காவில் அடிமை; துணி விற்க நமது இந்தியச் சந்தை. இவ்வளவு பெரிய ஊருக்கு 1832 வரை பார்லிமெண்டில் ஒரு மெம்பர்கூடக் கிடையாது. ஆனால் ஓல்டு சாரம் என்கின்ற ஆளில்லா மேட்டுக்கு இரண்டு மெம்பர்கள்! ஏனென்றால் பழைய வழக்கமாம். வழக்கம் என்று சொல்லிவிட்டால் அங்கேயும் வாயடைத்துப் போகும்போல் இருக்கிறது.

1842-ல் எங்கெல்ஸ் என்கின்ற 22 வயது ஜெர்மன் வாலிபர், தம் தகப்பனாருக்குப் பங்குள்ள நூலாலையில் வேலை பழக அந்த ஊருக்கு வந்தார். ஆலைக் கணக்கோடு ஊரையும் கணக்குப் பார்த்தார். 1845-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வியாபாரக் கனவான்கள் ஊருக்கு வெளியிலுள்ள தங்கள் பங்களாக்களிலிருந்து ஆபீசுக்கு வண்டியில் போகும் ரோட்டின் இரு பக்கமும் வரிசையாகக் கடைகள். அக்கடைகளுக்குப் பின்னால்தான் சேரிகள். முதலாளி தினம் இரண்டு தடவை அவ்வழியே போனாலும், தன் தொழிலாளி வாழும் நரகம் அவன் கண்ணில் படவே படாது. யாரும் திட்டம் போட்டு இப்படிக் கட்டவில்லை. நிலத்தின் விலையே கட்டிவிட்டது.

அதே 1842-ல் எட்வின் சாட்விக் என்பவர் சர்க்காருக்கு ஒரு சுகாதார அறிக்கை கொடுத்தார். அதில் கண்டபடி மான்செஸ்டரில் செத்துப்போன கனவான் வகுப்பாரின் சராசரி வயது 38. வியாபாரிகள் வகுப்புக்கு 20. கூலி வகுப்புக்கு 17. ரட்லண்டு என்கின்ற கிராம ஜில்லாவிலோ கனவானுக்கு 52, கூலிக்காரனுக்கு 38. அதாவது கிராமத்துக் கூலிக்காரனும் மான்செஸ்டர் சீமானும் ஒரே வயது! 17 என்றால் எல்லோரும் 17-வது வயதில் செத்தார்கள் என்று அர்த்தமல்ல. தொட்டில் குழந்தைகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்ததால் சராசரி அப்படி இறங்கிற்று. இளம் வயதினர் வந்து குவியும் ஊரில் இந்தச் சராசரி கொஞ்சம் அதிகமாகவே இறங்கிக் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குச் சாதகமான கணக்கு என்பதற்காக அதன் ஓட்டையை மறைப்பது யோக்கியமாகாது. அந்த ஓட்டையைக் கழித்தாலும், ஒரே ஊரில் ஒரே காற்றில் இருந்தவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் எவன் தலையில் எழுதினது என்று கேட்கிறோம்.

நிற்க, வாந்திபேதியின் கதையைப் பார்ப்போம். 1832-ல் அது இங்கிலாந்தில் பரவினபோது, கடவுள் கோபத்தைத் தணிக்க மார்ச் 21-ந் தேதி தேசம் முழுவதும் உபவாசமிருக்க வேண்டுமென்று உத்திரவாயிற்று. வருஷமெல்லாம் பட்டினி கிடப்பவனுக்குத் தனியாக ஒரு பட்டினி நாள்! 1853-ல் எடின்பரோ பாதிரிமார் சங்கத்தார் மறுபடியும் உபவாச நாள் உண்டா என்று கேட்டார்கள். அப்போது உள்நாட்டு மந்திரியாயிருந்த பாமர்ஸ்டன் பிரபு, முதலில் ஏழைகள் குடியிருக்கும் சந்துகளைச் சுத்தம் செய்யுங்கள் என்கின்ற கருத்தில் பதில் எழுதிவிட்டார். அவர் நாஸ்திகரல்ல.

1854-ல் லண்டன் பிராடு வீதிப் பக்கம் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மொத்தம் 600-க்கு மேல். துர்நாற்றந்தான் காரணம் என்பது அன்றைய பெரிய டாக்டர்களின் வேதம். ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் மட்டும் செத்தவர்கள் வீட்டைப் படத்தில் குறித்துக்கொண்டே போனார். எல்லாக் குறியும் ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றி நின்றன. பக்கத்துச் சாராயத் தொழிற்சாலை ஆட்கள் தப்பித்தார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரே குடிப்பதில்லை, பீர்தான்! (மதுவிலக்குத் தோழர்கள் மன்னிக்க.) செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தானாகவே குறையத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை.

அத்தெருக்களுக்கு உதவிக் குருவாயிருந்த ஹென்றி வைட்ஹெட் என்பவர், ஸ்னோ சொன்னது தப்பென்று காட்டவே வீடு வீடாய் விசாரிக்கப் புறப்பட்டார். விசாரித்த பின், தாம் நினைத்ததுதான் தப்பென்று ஒப்புக்கொண்டார். நோய்கண்ட ஒரு குழந்தையின் துணி அலசின தண்ணீர் பம்புக் கிணற்றருகே இருந்த மலக்குழியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் ஒரு பாதிரியார் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. குருமார் தெருவுக்குத் தெரு போகிற போக்கில் இதைச் செய்தால் நமக்கு வேலை எவ்வளவோ குறையும்.

சாட்விக்கும் துர்நாற்றக் கட்சிக்காரரே. மலக்குழிகளை ஒழித்து எல்லாவற்றையும் தேம்ஸ் ஆற்றில் தள்ளும்படி செய்ததில், குடிக்கும் தண்ணீரே மலமாயிற்று. 1858 கோடையில் அந்த நாற்றம் பார்லிமெண்டு ஜன்னலுக்குள் நுழைந்தது. வருஷக்கணக்காய்ப் பணமில்லை என்றிருந்த கூட்டம் சில வாரத்திற்குள் சட்டம் செய்து, பாசல்ஜெட் என்னும் இஞ்சினீயரிடம் வேலையை ஒப்புவித்தது. 1866-ல் வாந்திபேதி திரும்ப வந்தபோது, புதுச் சாக்கடை முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. முடியாமல் கிடந்தது கூலிக்காரர் வசிக்கும் கிழக்கு லண்டன்; அங்கேதான் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

பிறகு சார்லஸ் பூத் என்கின்ற கப்பல் முதலாளி, லண்டன் தெருக்களையெல்லாம் ஆராய்ந்து, ஏழ்மைக்கு ஒரு நிறம், செல்வத்துக்கு ஒரு நிறமென்று படத்தில் தீட்டினார். 1889 முதல் 1903 வரை 17 புத்தகங்கள். உலகத்திலேயே செல்வம் மிகுந்த பட்டணத்தில் 100-க்கு 30.7 பேர் தரித்திரர் என்று கண்டது. குடியினால்தான் ஏழையாகிறான் என்பது கனவான்களின் வாடிக்கைப் பேச்சு. பூத்தின் கணக்கிலோ குடி சிறு பங்கு. குறைந்த கூலியும் நிலையில்லாத வேலையுமே பெரும்பங்கு. வயோதிகத்தால் திக்கற்றவர்களையும் கண்டு, அவர்களுக்குச் சர்க்கார் உதவித்தொகை கொடுக்க வேண்டுமென்று அவர் வாதாடினார். 1908-ல் அதற்குச் சட்டம் வந்தது. 70 வயது கடந்த ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். அதை வாங்க 70 வயது வரை உயிரோடிருக்க வேண்டும்.