பிளீச்சிங் பவுடரும் நம் வாய்ச்சொல்லும்

நம் மளிகைக் கடைகளில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் எப்போதும் இருக்கும் சரக்கு. 2020-க்குப் பிறகு சானிடைசரும் கல்லா அருகே இடம் பிடித்துவிட்டது. "அண்ணாச்சி, இதைப் போட்டா எல்லாக் கிருமியும் செத்துடுமா?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் "செத்துடும்" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இது சரியல்ல என்பதே நம் கருத்து.

சில பாக்டீரியாக்கள் கஷ்டகாலம் வந்தால் ஸ்போர் என்னும் கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அரிசி, மிளகு, மஞ்சளில் தொற்றும் பாசில்லஸ் சீரியஸ் அந்த ரகம். சோறு வெந்தாலும் அதன் ஸ்போர் பிழைத்துக்கொள்ளும். 1942-இல் பிரிட்டிஷார் ஆந்திராக்ஸ் ஸ்போரைச் சோதித்த ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவை, 1986-இல் ஃபார்மால்டிஹைடு தெளித்துச் சுத்தம் செய்து, 1990-இல்தான் ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள்.

சானிடைசரில் உள்ள ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. பினாயிலும் அப்படியே. '99.9 சதவீதம்' என்று பாட்டிலில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் சாதாரணக் கிருமிகளை வைத்துப் போட்ட கணக்கு. குளோரின் கொல்லும், ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. முதலாவது அழுக்கு. மாவுப்பிசுக்கும் எண்ணெய்ப்பிசுக்கும் இருக்கும் இடத்தில் ஊற்றினால் குளோரின் அந்தப் பிசுக்கிலேயே செலவாகிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே ஊற்ற வேண்டும். அடுத்தது நேரம். ஊற்றிய கையோடு துடைத்தால் பயனில்லை; பத்து நிமிடமாவது தரை ஈரமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சரக்கின் வீரியம். இங்கேதான் வியாபாரிகளின் பொறுப்பு வருகிறது. புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். லிட்டருக்கு 15 கிராம் போட்டால் அரை சதவீதக் கரைசல். ஸ்போரை ஒழிக்க மருத்துவமனைகளில் கையாளும் அளவு ஏறக்குறைய இதுதான். அதே பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் வாய் திறந்த மூட்டையில் கிடந்தால் குளோரின் பறந்துவிடும். பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும், எடையும் குறையாது. வாங்குபவர் 15 கிராம் போட்டாலும் பாதி வீரியம்கூட இராது. எடையில் குறைத்தால் தராசு காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டிக்கொடுக்க யாருமில்லை.

ஆகவே மொத்த வியாபாரிகள் தயாரிப்புத் தேதி இல்லாத மூட்டையைக் கொள்முதல் செய்யக்கூடாது. சில்லறைக் கடைக்காரர்கள் மூட்டையைப் பிரித்து வைத்து அள்ளி விற்பதை நிறுத்தி, தேதியிட்ட சிறு பாக்கெட்டுகளுக்கு மாற வேண்டும். ஒரு பாக்கெட்டுக்குச் சில காசு கூடுதலாகும் என்பது உண்மைதான். அதைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. குளோரின் கரைசலில் காரம் குறைந்தால் ஸ்போரை வேகமாகக் கொல்லும் என்பது உண்மை. அதற்காக யாரும் வினிகரோ கழிப்பறை ஆசிடோ கலந்துவிடக் கூடாது. விஷவாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் பாட்டிலையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லியே கொடுக்க வேண்டும். குடோனிலும் இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்க வேண்டாம்.